எந்த மூளைக்காய்ச்சல்? பதில் சொல்லும் சில துளி நீர்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை தொடங்கி வல்லம் வடகால், ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில் பல்லாயிரம் இளைஞர்கள் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் ஒன்றாகத் தங்கி வேலை செய்கிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு மட்டுமே 18,720 படுக்கைகள் கொண்டது. இத்தகைய ஓர் அறையில் தங்கியிருக்கும் இளைஞர் ஒருவருக்குக் கடும் காய்ச்சலும் தாங்க முடியாத தலைவலியும் வருகின்றன; மறுநாள் பேச்சு குழறுகிறது; மருத்துவர் ‘மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடன் இருப்பவர்கள் மனத்தில் மூன்று கேள்விகள் எழும். பிழைத்துக்கொள்வாரா? என்ன சிகிச்சை? எங்களுக்கும் தொற்றுமா?

இந்த மூன்று கேள்விகளுக்கும் பொதுவான ஒரு பதில் கிடையாது. வந்திருப்பது எந்த வகை மூளைக்காய்ச்சல் என்று தெரிந்தால்தான் மூன்றுக்கும் பதில் சொல்ல முடியும். ஒரு வகைக்கு மருந்து ஒரு மணி நேரத்துக்குள் உடலில் ஏறியாக வேண்டும். இன்னொரு வகை ஓய்விலேயே குணமாகிவிடும். மற்றொன்றுக்கு ஓராண்டு வரை மாத்திரை சாப்பிட வேண்டும். வகையைப் பிரித்தறிவது எப்படி, அதில் நாம் எங்கே தவறுகிறோம் என்பதை நோயாளியின் குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது அவசியம். ஏனெனில், முக்கியமான பரிசோதனைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் அவர்களே.

பெயர் ஒன்று, நோய்கள் பல

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று மெல்லிய உறைகள் போர்த்தியிருக்கின்றன. இந்த உறைகளில் ஏற்படும் அழற்சியை மருத்துவர்கள் மூளையுறை அழற்சி என்கிறார்கள். மூளைத் திசுவே பாதிக்கப்பட்டால் அது மூளை அழற்சி. பேச்சுவழக்கில் இரண்டுமே நமக்கு மூளைக்காய்ச்சல்தான். 1955இல் வேலூர்ப் பகுதி நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட, கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இரண்டாவது பிரிவைச் சேர்ந்தது. இங்கே நாம் பேசுவது முதல் பிரிவைப் பற்றி.

மூளையுறை அழற்சிக்குக் காரணமான கிருமிகள் பல. நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்க வல்லவை. என்டிரோவைரஸ் போன்ற வைரஸ்களால் வருவது பெரும்பாலும் தானே தணிந்துவிடும். காசநோய்க் கிருமி வாரக்கணக்கில் மெதுவாக வேலை செய்து நிரந்தர ஊனத்தை விட்டுச்செல்லும். எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைக் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை தாக்கும். இவற்றோடு, புதர்களில் வாழும் மிகச் சிறிய பூச்சியின் கடியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலும் மூளையுறையைப் பாதிக்கும். வேலூர், புதுச்சேரி மருத்துவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் உலகெங்கும் ஏறத்தாழ 25 லட்சம் பேருக்கு மூளையுறை அழற்சி வந்தது. அவர்களில் 16 லட்சம் பேருக்கு வந்தது பாக்டீரியா வகை. அதனால் இறந்தவர்கள் சுமார் 2.4 லட்சம் பேர். பாக்டீரியா வகை வந்தவர்களில் ஆறில் ஒருவர் இறக்கிறார். ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு போன்ற கடுமையான பின்விளைவுகள் தங்கிவிடுகின்றன.

அறிகுறிகள் எவ்வளவு தூரம் உதவும்?

காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மூளையுறை அழற்சி என்று பாடநூல்கள் சொல்லும். ஆனால், நெதர்லாந்தில் பாக்டீரியா வகையால் பாதிக்கப்பட்ட பெரியவர்களின் 696 நிகழ்வுகளை ஆராய்ந்து 2004இல் வெளியான ஆய்வில், இந்த மூன்றும் ஒருசேர இருந்தவர்கள் 44 விழுக்காட்டினர் மட்டுமே. இவற்றோடு தலைவலியையும் சேர்த்து நான்கில் இரண்டேனும் இருந்தவர்கள் 95 விழுக்காட்டினர். ஆகவே, மூன்றும் வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. இரண்டு இருந்தாலே சந்தேகிக்க வேண்டும்.

படுத்திருப்பவரின் காலை மடக்கி நீட்டியும், தலையைத் தூக்கியும் பார்க்கும் கெர்னிக், புருட்ஜின்ஸ்கி பரிசோதனைகள் நூறாண்டுக்கும் மேல் பழையவை. இவை தெளிவாகத் தென்பட்டால் சந்தேகம் வலுப்படும். தென்படாவிட்டால் நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பெரும்பாலான நோயாளிகளிடம் இவை தென்படுவதே இல்லை என்று 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கைக்குழந்தைகளுக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். பால் குடிக்க மறுப்பது, ஓயாத அழுகை, உச்சிக்குழி புடைப்பது ஆகியவையே அவர்களிடம் எச்சரிக்கை மணி. முதியவர்களிடம் குழப்பமான பேச்சு மட்டுமே இருக்கலாம்.

இருப்பினும், நோயாளியை நிதானமாக விசாரித்து, உடலை முழுமையாகப் பார்க்கும் மருத்துவருக்கு வகை குறித்துச் சில தடயங்கள் கிடைக்கும். நோய் ஓரிரு நாளில் முற்றினால் பாக்டீரியா மீது சந்தேகம் விழும். ஒரு வாரத்துக்கு மேல் மெல்லிய காய்ச்சல், எடை குறைவு, பசியின்மை என்று நீண்டு, பிறகு தலைவலியும் வாந்தியும் வந்தால் காசநோயை நினைக்க வேண்டும். தோலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றி, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாமல் இருந்தால் மெனிங்கோகாக்கஸாக இருக்கலாம். காதில் சீழ் வடிவதும் நிமோனியாவும் நியூமோகாக்கஸைச் சுட்டும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ். இந்தப் பொருக்கு வலிக்காது. உடையை விலக்கித் தேடாவிட்டால் கண்ணில் படாது.

‘காய்ச்சல் எத்தனை நாளாக?’ என்ற எளிய கேள்விக்கான பதிலே இங்கு பெரிய தடயம். ஒடியா, வங்கம், இந்தி பேசும் தொழிலாளர்கள் நிறைந்த இந்தத் தொழிற்பகுதியில், மொழி தெரிந்த ஒருவர் உடன் வராததால் அந்தப் பதில் தவறிப்போவதும் உண்டு.

முதுகில் ஊசி: அச்சமும் உண்மையும்

தடயங்கள் சந்தேகத்தைத்தான் எழுப்பும். அதை உறுதிப்படுத்த மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். கீழ்முதுகில் ஊசி செலுத்தி இந்த நீரை எடுக்கும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் குவிங்கே 1891இல் அறிமுகப்படுத்தினார். இன்றுவரை இதற்கு மாற்று இல்லை.

‘முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்’ என்ற அச்சத்தில் குடும்பத்தினர் கையெழுத்திட மறுப்பது மருத்துவமனைகளில் அடிக்கடி நிகழ்கிறது. உடலமைப்பு தெரிந்தால் இந்த அச்சம் குறையும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு அளவிலேயே பொதுவாக முடிந்துவிடும். ஊசி செலுத்துவது அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது முள்ளெலும்புகளுக்கு இடையில். அங்கே நீரும் அதில் மிதக்கும் நரம்பு இழைகளும்தான் இருக்கின்றன. நீர் வற்றிவிடும் என்ற கவலையும் தேவையில்லை. பெரியவர் ஒருவரிடம் இந்த நீர் சுமார் 150 மி.லி. இருக்கும், உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மி.லி. புதிதாகச் சுரக்கிறது. பரிசோதனைக்கு எடுக்கும் 10 மி.லி. அரை மணி நேரத்தில் ஈடாகிவிடும். சிலருக்குச் சில நாள்கள் தலைவலி இருக்கும், அது தணிந்துவிடும்.

எல்லோருக்கும் உடனே இதைச் செய்துவிட முடியாது என்பதும் உண்மை. வலிப்பு, ஒரு பக்கச் செயலிழப்பு, ஆழ்ந்த மயக்கம் ஆகியவை இருந்தால் மூளைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கலாம். அப்போது முதலில் சி.டி. ஸ்கேன் பார்ப்பார்கள். இரத்தம் உறையும் தன்மை குறைந்தவர்களிடமும் எச்சரிக்கை தேவை. ஆனால், ஸ்கேனுக்காகவோ பரிசோதனைக்காகவோ மருந்து காத்திருக்கக் கூடாது. பாக்டீரியா வகை என்ற வலுவான சந்தேகம் இருந்தால், வளர்ப்புப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு, நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட வேண்டும்.

நீர் சொல்லும் செய்தி

ஆரோக்கியமானவரிடம் இந்த நீர் தெளிந்த தண்ணீர்போல இருக்கும். ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் ஐந்துக்கு மேல் இருக்காது. புரதம் டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டாது. சர்க்கரை, இரத்தச் சர்க்கரையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். இந்த மூன்று அளவுகளும் எந்தத் திசையில் மாறியிருக்கின்றன என்பதிலிருந்தே வகை வெளிப்படத் தொடங்கும்.

பாக்டீரியா வகையில் நீர் கலங்கியிருக்கும். வெள்ளணுக்கள் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். அவற்றில் நியூட்ரோஃபில்களே மிகுதி. புரதம் ஏறும், சர்க்கரை வெகுவாக இறங்கும். வைரஸ் வகையில் நீர் தெளிவாகவே இருக்கும். வெள்ளணுக்கள் பத்துகளிலோ நூறுகளிலோ இருக்கும். அவற்றில் லிம்ஃபோசைட்டுகள் அதிகம். புரதம் சற்றே கூடும். சர்க்கரை பெரும்பாலும் குறையாது. காசநோய் வகை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும். வைரஸைப் போல லிம்ஃபோசைட்டுகள் மிகுந்திருக்கும். பாக்டீரியாவைப் போலச் சர்க்கரை குறைந்து புரதம் ஏறியிருக்கும். நீரை அசைக்காமல் வைத்தால் சில வேளை மேலே சிலந்தி வலைபோல ஒரு படலம் உருவாகும். பூஞ்சை வகையும் இதே சாயலில் இருக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீரில் உள்ள சர்க்கரையைத் தனியே பார்த்தால் ஏமாந்துபோவோம். நீரிழிவுள்ள ஒருவருக்கு நீரில் சர்க்கரை 90 என்று வந்தால் இயல்பாகத் தோன்றும். அதே வேளையில் அவருடைய இரத்தச் சர்க்கரை 300 என்றால், நீரில் இருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; அது நோயின் அடையாளமாக இருக்கலாம். நீரிழிவு பரவலாக உள்ள தமிழ்நாட்டில், நீரெடுக்கும் வேளையிலேயே இரத்தச் சர்க்கரையையும் அளப்பது கட்டாயம்.

அடுத்தது கிருமியை நேரில் தேடுவது. கிராம் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நியூமோகாக்கஸ் ஊதா நிறத்தில் இணை இணையாகத் தெரியும். மெனிங்கோகாக்கஸ் இளஞ்சிவப்பில் அவரை விதை இணைகளாகத் தெரியும். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். ‘இந்தியா இங்க்’ எனப்படும் கறுப்பு மையைக் கலந்து பார்த்தால், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை இருண்ட பின்புலத்தில் ஒளிவட்டத்துடன் தெரியும். அதைவிட நுட்பமானது பூஞ்சையின் ஆன்டிஜெனைக் கண்டறியும் சோதனை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள்கள் ஆகும்; எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதை அதுவே சொல்லும். கிருமியின் மரபணுத் துணுக்கைத் தேடும் பி.சி.ஆர். சோதனை, கிருமி இறந்த பிறகும் அதை அடையாளம் காட்டும்.

கடினமான வகை காசநோய்

இவற்றுள் மிகவும் ஏமாற்றுவது காசநோய் வகை. நீரில் கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் வழக்கமான நுண்ணோக்கிச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது. வளர்ப்புப் பரிசோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நோயாளியின் நிலை மோசமாகிவிடும். ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா என்ற மரபணுச் சோதனையை 2017 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு தெரியும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்பதையும் சொல்லும். ஆனாலும் ‘இல்லை’ என்ற முடிவை நம்பிக் காசநோயை ஒதுக்கிவிட முடியாது. நோய்க்காலம், நீரின் அளவுகள், மார்பு எக்ஸ்ரே, மூளை ஸ்கேன் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து மருத்துவர் முடிவெடுக்க வேண்டியிருக்கும். வியட்நாமில் உருவாகி 2002இல் வெளியான ஒரு மதிப்பெண் முறை, வயது, நோய் தொடங்கிய நாள்கள், இரத்தத்திலும் நீரிலும் உள்ள வெள்ளணுக்கள், அவற்றில் நியூட்ரோஃபில்களின் பங்கு ஆகிய ஐந்தை மட்டும் கொண்டு காசநோய் வகையைப் பாக்டீரியா வகையிலிருந்து பிரிக்க உதவுகிறது. எளிய ஆய்வகம் உள்ள மருத்துவமனைக்கும் இது இயலும்.

தாமதத்தின் விலை என்ன என்பதைச் சென்னையே உலகுக்குக் காட்டியிருக்கிறது. சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் குழந்தைகளிடம் நடத்தி 1986இல் வெளியிட்ட சிகிச்சை ஆய்வுகளில், எந்தக் கூட்டு மருந்து கொடுக்கப்பட்டது என்பதைவிட, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கும்போது குழந்தை மருத்துவமனைக்கு வந்தது என்பதே உயிரையும் ஊனத்தையும் தீர்மானித்தது.

‘சிறுவயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டாயிற்றே’ என்று சிலர் கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூரையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுப்பதில்லை என்று கண்டது. சிறு குழந்தைகளை மூளையுறைக் காசநோயிலிருந்து காப்பதில் அதற்குப் பயன் உண்டு. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறோம். தோளில் உள்ள தழும்பை வைத்துப் பெரியவர் ஒருவருக்கு இந்நோய் வராது என்று சொல்ல முடியாது.

தடயம் அழியும் இடங்கள்

நல்ல சோதனைகள் இருந்தும் வகை தெரியாமல் போவதற்கு நம் பழக்கங்களும் காரணம். முதலாவது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் ஆன்டிபயாடிக். விடுப்பு எடுத்தால் ஊதியம் போகும் என்ற கவலையில் தொழிலாளர்கள் இரண்டு மூன்று நாள்கள் இப்படியே ஓட்டிவிடுகிறார்கள். அரைகுறையாகச் சென்ற மருந்து நோயைத் தீர்க்காது. ஆனால், வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி வளராதபடி செய்துவிடும். நீரின் அணுக்கணக்கும் மாறி, பாக்டீரியா வகை காசநோய்போலவோ வைரஸ்போலவோ தோற்றமளிக்கும். மருத்துவமனையில் உயிர்காக்க முழு அளவில் செலுத்தும் முதல் ஊசி வேறு. கடை மாத்திரை வேறு. என்ன மாத்திரை, எத்தனை வேளை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னால், அவர் முடிவுகளை அதற்கேற்பப் படிப்பார்.

இரண்டாவது, எடுத்த நீர் ஆய்வகம் சேரும் நேரம். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தால் நியூட்ரோஃபில்களில் ஏறத்தாழப் பாதி சிதைந்துவிடலாம். பிறகு எண்ணிப் பார்ப்பவருக்குப் பாக்டீரியா வகை வேறொன்றாகத் தெரியும். வளர்ப்புக்கான நீரைக் குளிர்பெட்டியில் வைத்தால் மெனிங்கோகாக்கஸ் போன்ற குளிர் தாங்காத கிருமிகள் மடிந்துவிடும். மூன்றாவது, போதாத அளவு. காசநோய்ச் சோதனைக்கு ஐந்தாறு மி.லி.க்குக் குறையாமல் நீர் வேண்டும். சில துளிகளில் தேடினால் கிடைக்காது.

அறைத்தோழர்களுக்கான பதில்

தொற்றுமா என்ற கேள்விக்கும் வகைதான் விடை. மெனிங்கோகாக்கஸ் என்றால், அதே அறையில் தங்கியவர்களுக்கும் நெருங்கிப் பழகியவர்களுக்கும் தடுப்பு மருந்தை உடனே கொடுக்க வேண்டும். இது நெரிசலான இருப்பிடங்களில் பரவக்கூடியது. டெல்லியில் 2005இலும், மேகாலயம், திரிபுரா மாநிலங்களில் 2008, 2009 ஆண்டுகளிலும் பரவியது. நியூமோகாக்கஸ் என்றால் அறைத்தோழர்களுக்குத் தடுப்பு மருந்து தேவையில்லை. வைரஸ் வகைக்குக் கை கழுவும் ஒழுங்கு போதும். காசநோய் என்றால் மூளையுறையிலிருந்து அது பிறருக்குப் பரவாது. ஆனால், நோயாளியின் நுரையீரலிலும் காசநோய் இருக்கலாம் என்பதால் உடன் வசித்தவர்களைச் சோதிக்க வேண்டும். வகை தெரியாவிட்டால் விடுதியே பீதியில் காலியாகும். இல்லையேல் மருந்து தேவைப்படுபவருக்கும் கிடைக்காமல் போகும்.

தடுப்பூசிகள் இந்த நோயின் முகத்தையே மாற்றிவருகின்றன. குழந்தைகளின் மூளையுறை அழற்சிக்கு முக்கியக் காரணமாக இருந்த ‘ஹிப்’ பாக்டீரியாவுக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசியை நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், தமிழ்நாடும் கேரளமும் தொடங்கின. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இவற்றின் பலனை அளக்கவும், அடுத்து எந்தத் தடுப்பூசி தேவை என்று முடிவெடுக்கவும் ஒவ்வொரு நோயாளியின் வகையும் பதிவாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

மூளையுறை அழற்சியைக் கண்டறிவதற்கான விரிவான வழிகாட்டுதல்களை உலக சுகாதார நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்டது. அவற்றின் அடிப்படைத் தேவைகள் பெரும் செலவுக்குரியவை அல்ல. நீரெடுக்கப் பயிற்சி பெற்ற மருத்துவர், அணுக்களை எண்ணும் நுண்ணோக்கி, சர்க்கரையும் புரதமும் அளக்கும் வசதி, கிராம் சாயம் ஆகியவை இரவு பகலாகக் கிடைத்தால் முதல் மணி நேர முடிவுகளில் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். மூன்று ஷிஃப்டுகளிலும் ஆலைகள் இயங்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் இவை மாலை ஐந்து மணியோடு நின்றுவிடக் கூடாது. காசநோய்க்கான மரபணுச் சோதனைக் கருவிகள் மாவட்டங்களில் ஏற்கெனவே இயங்குகின்றன. சளியோடு மூளை நீரையும் அவற்றுக்கு உடனுக்குடன் அனுப்பும் ஏற்பாடு வேண்டும்.

ஆலை நிர்வாகங்களும் விடுதி நடத்துபவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த நேரத்திலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைக் காப்பாளர்களுக்குச் சொல்லிவைக்கலாம். அந்த நாளுக்கு ஊதியம் பிடிக்கப்படாது என்று தொழிலாளர்களுக்கு உறுதியளிக்கலாம். நோயாளியின் மொழி பேசும் ஒருவரை உடன் அனுப்பலாம்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியது, சம்மதப் படிவம் நீட்டப்படும்போது மருத்துவரிடம் தயங்காமல் கேட்டுத் தெளிந்து, காலம் தாழ்த்தாமல் கையெழுத்திடுவது. முதுகில் ஏறும் அந்த ஊசிதான் மருந்து எது, எத்தனை நாள், யாருக்கெல்லாம் என்பதை முடிவு செய்யும்.